"எல்லா மனிதரும்" என்றால் யார் யார்?

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கு 250 வயது. அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கே: சின்ன வயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்டாராமே வாஷிங்டன்? என் மகனுக்குச் சொல்லலாமா?
இல்லத்தரசி, தஞ்சாவூர்

ப: பொய் சொல்லாத பையனைப் பற்றிய அந்தக் கதையே பொய். 1799-ல் வாஷிங்டன் இறந்த கையோடு மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அது பதிப்புக்குப் பதிப்பு பெருத்துக்கொண்டே போனது. செர்ரி மரம் அதற்குள் நுழைந்தது 1806-ல்.

மகனுக்குச் சொல்ல உண்மையான செய்தி ஒன்று தருகிறேன். 1789-ல் அதிபராகப் பதவியேற்றபோது வாஷிங்டனுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பல். மரப்பல் கட்டியிருந்தார் என்பதும் கட்டுக்கதைதான். அவருடைய பல்செட்டுகள் தந்தத்தாலும் உலோகத்தாலும் மாட்டுப் பல்லாலும் மனிதப் பல்லாலும் ஆனவை. 1784-ஆம் ஆண்டு அவருடைய கணக்கேட்டில், ஒன்பது பற்களுக்காகக் கறுப்பினத்தவர்களுக்கு 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு வரி வருகிறது. பல்லைக் கொடுத்தவர்களின் பெயரை ஏட்டில் எழுதவில்லை. அமெரிக்காவின் தொடக்க கால வரலாற்றை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் இப்படிப் பெயரில்லாத ஒருவர் நிற்பார். அவரையும் சேர்த்துப் படித்தால்தான் அது வரலாறு.

கே: தேயிலை வரியை ஏற்றியதால்தானே பாஸ்டனில் பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்?
மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

ப: விலை இறங்கியது, அதனால் கொட்டினார்கள். வியாபாரியான உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். 1770-ல் வங்கத்தில் பெரும் பஞ்சம். கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் முழுகிக் கிடந்தது. லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை தேங்கிவிட்டது. கம்பெனியைக் கைதூக்கிவிட 1773-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தேயிலைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இனி கம்பெனி, தானே நியமிக்கும் முகவர்கள் மூலம் அமெரிக்காவில் நேரடியாக விற்றுக்கொள்ளலாம். கடத்தல் சரக்கைவிடக்கூட மலிவாகத் தரலாம். ஆனால் பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் அப்படியே இருக்கும்.

இதில் இரண்டு ஆபத்து. உள்ளூர் வியாபாரி கடையை மூட வேண்டியதுதான். அதோடு, மலிவு என்று மக்கள் வாங்கத் தொடங்கிவிட்டால், தாங்கள் ஓட்டுப் போடாத ஒரு நாடாளுமன்றம் தங்கள் மேல் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். டிசம்பர் 16 இரவு டார்ட்மவுத், எலினார், பீவர் என்ற மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். நாற்பது டன்னுக்கு மேல் தேயிலை. அள்ளிச் சட்டைக்குள் திணித்துக்கொள்ளப் பார்த்த ஆளைப் பிடித்து உதைத்து விரட்டினார்கள். பதிலுக்கு லண்டன் 1774-ல் பாஸ்டன் துறைமுகத்தையே இழுத்து மூடியது. அதுவரை வேடிக்கை பார்த்த காலனிகள்கூட பாஸ்டன் பக்கம் சாய்ந்தது அதற்குப் பிறகுதான்.

கே: கொட்டிய தேயிலை நம் நீலகிரித் தேயிலையா?
வாசகர், குன்னூர்

ப: சீனத் தேயிலை. நீலகிரியில் தேயிலைச் செடியை வைத்துப் பார்த்ததே 1830-களில்தான்.

கே: குற்றவாளி என்று ஊரே முடிவுகட்டிவிட்ட ஒருவருக்காக வழக்கறிஞர் ஆஜராகலாமா?
இளம் வழக்கறிஞர், கோயம்புத்தூர்

ப: ஆஜராக வேண்டும். 1770 மார்ச் 5 இரவு, பாஸ்டன் கிங் தெருவில் காவல் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. பனிக்கட்டியும் தடியும் பறந்தன. சிப்பாய்கள் சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், கறுப்பின, பூர்வகுடி வம்சாவளியைச் சேர்ந்த கப்பல் தொழிலாளி. சிப்பாய்களுக்காக வாதாட ஊரில் ஆளில்லை. 34 வயது ஜான் ஆடம்ஸ் ஏற்றுக்கொண்டார். அவர் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த அணியைச் சேர்ந்தவர் என்பதுதான் இதில் பெரிய விஷயம். கேப்டன் பிரெஸ்டன் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. இரண்டு பேருக்கு, கொலைக் குற்றம் இல்லை, உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றம் மட்டும் என்று தீர்ப்பாகி, கட்டைவிரலில் சூடு வைத்து அனுப்பினார்கள். அதே ஆடம்ஸ்தான் பின்னாளில் நாட்டின் இரண்டாவது அதிபர்.

அவர் வாதத்தில் ஒரு கறையும் உண்டு. அட்டக்ஸின் தோற்றமே எவரையும் அஞ்சவைக்கும் என்று சொல்லி, செத்தவர் நிறத்தையே சிப்பாய்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார். வழக்கை எடுத்தது நேர்மை. அந்த வாதம் நேர்மை இல்லை.

உங்கள் ஊருக்கே இதில் பங்கு இருக்கிறது. குறிப்பிட்ட ஆளுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வழக்கறிஞர்கள் போட்ட தீர்மானம் உச்ச நீதிமன்றம்வரை போய், அப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாமே செல்லாது என்று 2010-ல் தீர்ப்பானது. அமெரிக்க விடுதலைக்கு எழுத்தால் உரமிட்ட தாமஸ் பெயினுக்காக லண்டனில் வாதாடிய எர்ஸ்கினின் கதையை அந்தத் தீர்ப்பில் படிக்கலாம். படியுங்கள்.

கே: விடுதலைப் பிரகடனத்தில் எல்லாரும் ஜூலை 4 அன்று கையெழுத்துப் போட்டார்களா?
கல்லூரி மாணவி, திருச்சி

ப: பிரிவது என்று வாக்களித்தது ஜூலை 2. வாசகத்தை ஏற்றது ஜூலை 4. 56 பேரில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் ஒரு பத்தி இருந்தது. காங்கிரஸ் அதை வெட்டிவிட்டது. எழுதிய ஜெஃபர்சனோ தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்.

கே: அமெரிக்காவின் எட்டப்பன் யார்?
வாசகர், கோவில்பட்டி

ப: பெனடிக்ட் ஆர்னல்டைச் சொல்வார்கள். 1777-ல் சாரட்டோகா போரை வென்றதில் பெரும்பங்கு அவருடையது. அதில் கால் நொறுங்கியது. 1780-ல் வெஸ்ட் பாயிண்ட் கோட்டையைப் பணத்துக்காக எதிரியிடம் ஒப்படைக்கப் பார்த்தார், சதி அம்பலமானதும் தப்பி ஓடினார். சாரட்டோகா போர்க்களத்தில் அவர் வீரத்துக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதில் ஒரு பூட்ஸ் செதுக்கியிருக்கிறார்கள். பெயர் கிடையாது.

கே: அமெரிக்க விடுதலைப் போருக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டு என்கிறார் நண்பர். கதை விடுகிறாரா?
வாசகர், கடலூர்

ப: நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். 1778-ல் பிரான்ஸ் அமெரிக்காவோடு கூட்டுச் சேர்ந்தது. பிரான்சும் பிரிட்டனும் எங்கெல்லாம் முட்டிக்கொண்டனவோ அங்கெல்லாம் அந்தப் போர் பரவியது. ஹைதர் அலி பிரெஞ்சுக்காரர்களோடு கைகோத்துக் கர்நாடகப் பகுதியில் கம்பெனியைத் திணறடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் பெயர் அமெரிக்காவரை எட்டியிருந்தது. பென்சில்வேனியா தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு "ஹைதர் அலி" என்றே பெயர் வைத்தது. 1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் ஜோஷுவா பார்னி தலைமையில் அந்தக் கப்பல், தன்னைவிடப் பலமான "ஜெனரல் மங்க்" என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது.

1783 ஜூனில் கடலூரை பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வைத்திருந்தார். பிரிட்டிஷ் படை முற்றுகையிட்டது. ஜூன் 13 அன்று கோட்டைக்கு வெளியே நடந்த சண்டையில் இரு பக்கமும் நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள். ஜூன் 20 அன்று உங்கள் ஊர்க் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரானின் கப்பல்களும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதின. அதற்கு ஐந்து மாதம் முன்பே, ஜனவரி 20 அன்று, ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டன. சேதி கப்பலில் வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். முடிந்துபோன ஒரு போருக்காகக் கடலூர் மண்ணில் செத்தவர்களில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை என்று பலர் எழுதுவது உங்கள் ஊர்ச் சண்டையைத்தான்.

கே: அமெரிக்காவில் தோற்ற காரன்வாலிஸும் திப்புவோடு போரிட்ட காரன்வாலிஸும் ஒரே ஆளா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

ப: ஒரே ஆள். 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் அவர் படை சரணடைந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்கத் துணைத் தளபதியை அனுப்பினார். ஐந்தே ஆண்டில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்புவிடம் பாதி ராஜ்ஜியத்தைப் பறித்தார். திண்டுக்கல்லும் பாராமகாலும் கம்பெனிக் கணக்கில் சேர்ந்தது அப்படித்தான். ஒரு கண்டத்தை இழந்தவரை இன்னொன்றை ஆள அனுப்பினார்கள்.

கே: யேல் பல்கலைக்கழகத்துக்கும் சென்னைக்கும் என்ன சம்பந்தம்?
சட்டக் கல்லூரி மாணவர், சென்னை

ப: பணம். எலிஹு யேல் பிறந்தது பாஸ்டனில். 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் தலைவர். பதவியை வைத்துச் சொந்த வியாபாரம் பார்த்தார் என்ற புகாரில் நீக்கப்பட்டவர். அந்தச் செல்வத்தில் ஒரு துளியாக 1718-ல் 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம், கொஞ்சம் துணிச்சரக்கு ஆகியவற்றை கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பினார். சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது. கல்லூரிக்கு அவர் பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய குழந்தை மகன் டேவிட்டைப் புதைத்த இடம் சென்னையின் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

கே: அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறதாமே? அங்கே சூனியக்காரிகள் என்று பெண்களை எரித்தார்களா?
வாசகி, சேலம்

ப: எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். 1692-ல் மாசசூசெட்ஸ் சேலத்தில் 19 பேர். அதில் ஐந்து பேர் ஆண்கள். வழக்கு விசாரணைக்கு உடன்பட மறுத்த கைல்ஸ் கோரி என்ற முதியவரின் மேல் கல்லை ஏற்றியே கொன்றார்கள். அவள் உருவம் என் அறைக்குள் வந்து கழுத்தை நெரித்தது என்று ஒருவர் சொன்னால் போதும், அது சாட்சியம். அந்தச் சாட்சியத்தை ஒதுக்கியதும் வழக்குகள் சரிந்தன. பின்னாளில் குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டவர்களின் பட்டியலில், தண்டனை விதிக்கப்பட்டும் உயிர்தப்பிய எலிசபெத் ஜான்சன் மட்டும் விடுபட்டிருந்தார். மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அவரையும் குற்றமற்றவர் என்று அறிவித்தது 2022-ல்.

கே: அமெரிக்க அரசியல் சட்டம் விவசாயிகளுக்குப் பயந்து எழுதப்பட்டது என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். அப்படியா?
விவசாயி, மன்னார்குடி

ப: முழுக்க அப்படி இல்லை. ஆனால் பயம் இருந்தது. போர் முடிந்து ஊர் திரும்பிய மாசசூசெட்ஸ் விவசாயிகளுக்குச் சம்பளப் பாக்கி காகிதமாகத்தான் கையில் இருந்தது. வரியையும் கடனையும் மட்டும் ரொக்கமாகக் கேட்டார்கள். கட்டாதவரின் நிலம் ஏலத்துக்கு வந்தது, ஆள் சிறைக்குப் போனார். 1786-ல் முன்னாள் கேப்டன் டேனியல் ஷேஸும் மற்றவர்களும் திரண்டு, ஏல வழக்கு நடக்கும் நீதிமன்றங்களை நடக்கவிடாமல் மறித்தார்கள். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கிப் போனபோது பீரங்கியால் சுட்டுக் கலைத்தார்கள். பணக்காரர்கள் ஆடிப்போனார்கள். மைய அரசுக்குப் பலம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அந்த மே மாதமே பிலடெல்பியாவில் அரசியல் சட்ட மாநாடு கூடியது.

55 பேர். கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே ஒரு சொல் போகக் கூடாது என்ற விதியோடு செப்டம்பர் 17 வரை பேசினார்கள். அவர்கள் எழுதியதில் பெரிய அறிவு இருக்கிறது. அதிபர், காங்கிரஸ், நீதிமன்றம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும் அந்த அமைப்பு இன்றும் ஓடுகிறது. ஆனால் அதே தாளில், பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டார்கள். 1808 வரை அடிமை வணிகத்தைத் தடுக்கக் கூடாது என்று எழுதினார்கள். ஓடிப்போன அடிமையைத் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதினார்கள். "அடிமை" என்ற சொல்லை மட்டும் எங்கும் எழுதவில்லை. தாங்கள் செய்வது என்னவென்று தெரிந்தவர்கள்தான் அப்படி எழுத முடியும்.

கே: அந்தக் காலத்து அமெரிக்கத் தலைவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?
வாசகி, மதுரை

ப: எந்தப் பதவியிலும் இல்லாத ஒருவர். பெட் என்று கூப்பிடுவார்கள். மாசசூசெட்ஸின் ஷெஃபீல்டில் ஜான் ஆஷ்லி என்ற செல்வந்தர் வீட்டில் அடிமை. எழுதப் படிக்கத் தெரியாது. 1773-ல் அதே வீட்டில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, மனிதர்கள் யாவரும் சமம், சுதந்திரர் என்று பிரிட்டனுக்கு எதிராகத் தீர்மானம் எழுதினார்கள். ஏழு ஆண்டு கழித்து வந்த மாசசூசெட்ஸ் அரசியல் சட்டமும் தன் முதல் பிரிவிலேயே அதைச் சொன்னது.

ஒருநாள் எஜமானி அடுப்பிலிருந்து காய்ந்த இரும்புக் கரண்டியை எடுத்து ஒரு சிறுபெண்ணை அடிக்க ஓங்கினார். பெட் குறுக்கே கையை நீட்டினார். எலும்புவரை காயம். அந்தத் தழும்பை அதன் பிறகு அவர் மூடவே இல்லை. என்ன ஆயிற்று என்று வந்தவர்கள் கேட்டால், எஜமானியைக் கேளுங்கள் என்பாராம்.

தியடோர் செட்விக் என்ற வழக்கறிஞரிடம் போனார். எல்லாரும் சமம் என்று சட்டம் சொல்கிறதே, நான் அதில் வர மாட்டேனா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில் பெட்டும், ப்ராம் என்ற இன்னொரு அடிமையும் வழக்கை வென்றார்கள். இழப்பீடு 30 ஷில்லிங். சம்பளம் தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி கூப்பிட்டார். போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு, செட்விக் வீட்டில் கூலிக்கு வேலை பார்த்து, பிறகு சொந்தமாக வீடும் வாங்கினார். அடுத்தடுத்த வழக்குகளும் சேர்ந்து மாசசூசெட்ஸில் அடிமை முறையை வேரோடு சாய்த்தன. 1790 மக்கள்தொகைக் கணக்கில் அந்த மாநிலத்தில் அடிமைகளின் எண்ணிக்கை பூஜ்யம். சட்டத்தை எழுதியவர்களைவிட, அதை நம்பி அதன் சட்டையைப் பிடித்துக் கேட்டவர்மேல்தான் எனக்கு மரியாதை.

கே: வாஷிங்டன் தம் அடிமைகளை விடுதலை செய்தார் என்று படித்தேன். நல்லவர்தானே?
பள்ளி மாணவர், நாகர்கோவில்

ப: தம்பி, உயில் மூலம் தமக்குச் சொந்தமான 123 பேரை விடுவித்தார். அது உண்மை. இதையும் தெரிந்துகொள். அவர் அதிபராக இருந்த காலத்தின் பெரும்பகுதியில் தலைநகரம் பிலடெல்பியா. ஆறு மாதம் தொடர்ந்து அங்கே தங்கிய அடிமை விடுதலை கேட்கலாம் என்பது பென்சில்வேனியாச் சட்டம். ஆறு மாதம் நிறைவதற்குள் தம் வீட்டு அடிமைகளை எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார் வாஷிங்டன். அவர்களுக்கும் ஊருக்கும் காரணம் தெரியாதபடி செய்ய வேண்டும் என்று உதவியாளருக்குக் கடிதமும் எழுதினார். ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தரும் 1793 சட்டத்தில் கையெழுத்திட்டதும் அவர்தான்.

1796 மே மாதம் ஒருநாள், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஓனா ஜட்ஜ் என்ற பணிப்பெண் வாசலைத் தாண்டி நடந்தார். பேத்திக்குக் கல்யாணச் சீராக அவரைக் கொடுப்பதாக வாஷிங்டனின் மனைவி மார்த்தா முடிவு செய்திருந்தார். ஓனா கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தார். அதிபர் சுங்க அதிகாரியை வைத்துத் தேடினார், பிறகு உறவினரை அனுப்பினார். ஓனா பிடிபடவில்லை. வறுமையில்தான் வாழ்ந்தார், எழுத்துக் கற்றார், 1848-ல் இறந்தார். சட்டத்தின் கண்ணில் கடைசிவரை அவர் ஓடிப்போன அடிமைதான்.

கே: பெண்களுக்கு அப்போது ஓட்டு உண்டா?
வாசகி, ஈரோடு

ப: நியூ ஜெர்சியில் மட்டும் இருந்தது. 50 பவுண்டு சொத்துள்ள எவரும் ஓட்டளிக்கலாம் என்று 1776-ல் எழுதினார்கள். கணவனை இழந்தவர்களும் திருமணமாகாதவர்களும் சாவடிக்குப் போனார்கள். 1807-ல் பிடுங்கிவிட்டார்கள். மறுபடி கிடைக்க 1920 ஆனது.

கே: மதிப்பெண் குறைந்த கட்டுரையால் ஏதாவது பயன் உண்டா?
கல்லூரி மாணவர், காரைக்கால்

ப: அரசியல் சட்டமே திருந்தியிருக்கிறது. உரிமைகள் சாசனத்துக்காக 1789-ல் காங்கிரஸ் மாநிலங்களுக்கு அனுப்பியவை 12 திருத்தங்கள். 1791-ல் 10 நிறைவேறின. உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை உடனடியாக மாற்றிக்கொள்ளக் கூடாது என்ற ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று 1982-ல் கிரெகரி வாட்சன் என்ற டெக்சாஸ் மாணவர் கட்டுரை எழுதினார். "சி" கிரேடு கொடுத்தார்கள். அவர் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992-ல் அது 27-ஆவது திருத்தம் ஆனது.

கே: தேசத்துரோகச் சட்டம் வெள்ளைக்காரன் நமக்கு மட்டும் கொடுத்ததா?
உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், தேனி

ப: விடுதலை பெற்ற அமெரிக்கர்களே தங்களுக்கு ஒன்றைச் செய்துகொண்டார்கள். 1798-ல் பிரான்சோடு போர் வருமோ என்ற பீதி. அதிபர் ஜான் ஆடம்ஸ், பாஸ்டன் சிப்பாய்களுக்காக வாதாடிய அதே ஆடம்ஸ், அரசை அவதூறாக எழுதினால் சிறை என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். அதிபரையும் காங்கிரஸையும் திட்டக் கூடாது. துணை அதிபர் பெயர் சட்டத்தில் இல்லை. அப்போது துணை அதிபர் எதிரணித் தலைவர் ஜெஃபர்சன்! கருத்துச் சுதந்திரத்தை அரசியல் சட்டத்தில் எழுதி ஏழே ஆண்டு ஆகியிருந்தது.

வெர்மான்ட்டின் காங்கிரஸ் உறுப்பினர் மாத்யூ லயன்தான் முதல் பலி. அதிபரின் ஆடம்பர ஆசையைக் கண்டித்து எழுதியதற்கு நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். குளிர்காலத்தில் கிடங்கு போன்ற சிறையில் கிடந்தபடியே தேர்தலில் நின்று ஜெயித்தார். 1801-ல் அதிபர் தேர்தல் இழுபறியாகி, பிரதிநிதிகள் சபை 36 சுற்று வாக்கெடுத்தது. கடைசிச் சுற்றில் வெர்மான்ட்டின் வாக்கை ஜெஃபர்சனுக்குப் போட்டவர் அதே லயன். அந்தச் சட்டம் 1801 மார்ச்சில் காலாவதியானது. அதன் இரட்டைப் பிள்ளையான எதிரிநாட்டு அந்நியர் சட்டம் சாகவில்லை. இரண்டாம் உலகப் போரில் பயன்பட்டது, 2025-ல் வெனிசுவேலாக்காரர்களை நாடுகடத்த மறுபடி எடுத்தார்கள். பீதியில் போடும் சட்டம் பீதி தீர்ந்த பிறகும் புத்தகத்தில் இருக்கும். ஆசிரியரே, அதை எழுதிக்கொண்டே இருங்கள்.

கே: "மார்பரி எதிர் மேடிசன்" வழக்கை எல்லாப் பேராசிரியர்களும் சொல்கிறார்கள். யாருக்கும் புரியவில்லை.
சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ப: ஆடம்ஸ் பதவி முடியும் கடைசி இரவில் நீதிபதி நியமனங்களில் கையெழுத்திட்டுத் தள்ளினார். வில்லியம் மார்பரியின் உத்தரவு மேசையிலேயே நின்றுவிட்டது. புதிய அதிபர் ஜெஃபர்சன் தம் வெளியுறவுச் செயலாளர் மேடிசனிடம் கொடுக்காதே என்றார். மார்பரி உச்ச நீதிமன்றம் போனார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். உத்தரவை அனுப்பத் தவறிய பழைய வெளியுறவுச் செயலாளரும் இதே மார்ஷல்தான். இன்று என்றால் விலகியிருக்க வேண்டும்.

1803 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு. மார்பரிக்குப் பதவி உரிமை உண்டு. ஆனால் இந்த நீதிமன்றம் நேரடியாக ஆணையிடலாம் என்று சொல்லும் 1789-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரண், அது செல்லாது. ஒரு சின்ன அதிகாரத்தை விட்டுக்கொடுத்து, காங்கிரஸ் போடும் சட்டத்தையே ரத்து செய்யும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். நம் அரசியல் சட்டம் அதை 13-ஆம் பிரிவில் எழுத்திலேயே தந்துவிட்டது. இன்னொன்றும் தேர்வுத்தாளில் எழுதுங்கள்: உச்ச நீதிமன்றம் அடுத்ததாக ஒரு காங்கிரஸ் சட்டத்தைச் செல்லாது என்றது 1857-ல், ட்ரெட் ஸ்காட் வழக்கில், அடிமை உடைமையாளர்களுக்குச் சாதகமாக. அதிகாரம் நல்லதா கெட்டதா என்பது அது யார் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

கே: அமெரிக்காவின் முதல் நிதிச் செயலாளர் ஹாமில்டனைச் சுட்டது யார்?
வாசகர், பாளையங்கோட்டை

ப: ஆரன் பர். 1804 ஜூலை 11, நியூ ஜெர்சியின் வீஹாக்கனில். அப்போது பர் நாட்டின் துணை அதிபர். மூன்று ஆண்டுக்கு முன் ஹாமில்டனின் மூத்த மகனும் துப்பாக்கிச் சண்டையில்தான் இறந்தான்.

கே: என் மகளுக்கு அங்கே குடியுரிமை கிடைத்துவிட்டது. அந்தக் காலத்தில் நம்மவர்களுக்குக் கொடுத்தார்களா?
வாசகர், கும்பகோணம்

ப: மகளுக்கு வாழ்த்துகள். 1790-ல் போட்ட முதல் குடியுரிமைச் சட்டமே சுதந்திரமான வெள்ளையருக்கு என்றுதான் எழுதியது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட் 1923-ல் உச்ச நீதிமன்றம்வரை போனார். இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று ஒருமனதாகத் தீர்ப்பு. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் பிடுங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய், எந்த நாட்டுக்காரனும் இல்லாமல் போனதைத் தாங்காமல் 1928-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியருக்குக் கதவு திறந்தது 1946-ல். உங்கள் மகளிடம் பகாயின் பெயரைச் சொல்லிவையுங்கள்.

கே: செவ்விந்தியர்கள் நாகரிகம் இல்லாதவர்களாக இருந்ததால்தான் தோற்றார்களா?
வாசகர், வேலூர்

ப: இல்லவே இல்லை. செரோக்கி மக்களைப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத செக்வோயா என்பவர் தம் மொழிக்கு எண்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகளை உருவாக்கி 1821-ல் முடித்தார். சில ஆண்டுகளில் பெரும்பாலோர் எழுதப் படிக்கக் கற்றார்கள். 1827-ல் அரசியல் சட்டம் எழுதினார்கள். 1828 பிப்ரவரியில் நியூ எக்கோட்டாவிலிருந்து இரு மொழியில் செய்தித்தாள் வந்தது. அதே சமயம் ஜார்ஜியாவில் தங்கம் கிடைத்தது. வந்தது வினை.

1830 மே 28 அன்று, பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்டார். பிரதிநிதிகள் சபையில் அது நிறைவேறியது 102-க்கு 97 என்று. ஐந்தே ஓட்டு. செரோக்கிகள் வில்லெடுக்கவில்லை, வழக்குப் போட்டார்கள். 1832-ல் வொர்செஸ்டர் வழக்கில், செரோக்கி மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று மார்ஷல் தீர்ப்பளித்தார். வென்றார்கள். தீர்ப்பைச் செயல்படுத்த யாரும் இல்லை. 1835 டிசம்பரில், அதிகாரம் இல்லாத ஒரு சிறு குழுவைக் கையெழுத்திட வைத்து நிலம் முழுவதையும் எழுதி வாங்கினார்கள். தலைவர் ஜான் ராஸ் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்தோடு மனு கொடுத்தார். செனட் ஒரே ஓட்டுக் கூடுதலில் ஒப்பந்தத்தை ஏற்றது.

1838 மே மாதம் ராணுவம் வந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னிருந்தும் வயலிலிருந்தும் இழுத்துக் கொட்டடிகளில் அடைத்தார்கள். பிறகு நடை. சுமார் 16,000 பேரில் ஏறக்குறைய 4,000 பேர் கொட்டடியிலும் குளிரிலும் வழியிலும் இறந்தார்கள். ராஸின் மனைவியும் அவர்களில் ஒருவர்.

அந்த மோசடி ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, பிரதிநிதிகள் சபையில் செரோக்கிகளுக்கு ஒரு பிரதிநிதி உண்டு என்று சொல்கிறது. நிலத்தை எடுத்துக்கொண்ட பிரிவுகள் எல்லாம் உடனே நிறைவேறின. 2019-ல் செரோக்கி நாடு, கிம்பர்லி டீஹீ என்பவரைப் பிரதிநிதியாக அறிவித்தது. காங்கிரஸ் அவருக்கு இதுவரை இருக்கை தரவில்லை.